ஓவியங்கள் நிறைந்த கூடத்தில் என்ன ஒலிக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம். நானும் கணவரும் பல வருடங்களாகச் சேர்த்த ஓவியங்கள், சில வெண்கலச் சிற்பங்கள், ஒரு பெரிய நெசவுச் சித்திரம் எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. கூடம் 20 அடி நீளம், 16 அடி அகலம், 10 அடி உயரம். தரை டைல்ஸ், சுவர் வெள்ளை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், உட்கார மர நாற்காலிகள். வருகிறவர்கள் அழகு என்று சொல்லி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்ததும் போனை எடுத்துவிடுகிறார்கள். இசை போட்டுப் பார்த்தோம், ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிட்டது. ஹியரிங் எய்ட் வைத்திருக்கும் என் மாமியார், பாட்டு ஓட ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். சீலிங்கில் எட்டு ஸ்பீக்கர் பதித்து ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனி இசை வைக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வண்ணப்பொடிக் கட்டியால் வரைந்த பாஸ்டல் படங்கள் இருக்கும் சுவருக்குக் கீழே ஒரு சின்ன நீரூற்று வைக்கவும் ஆசை. எந்த இசை, எவ்வளவு சத்தம், எங்கே ஸ்பீக்கர்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம். எட்டு ஸ்பீக்கர் வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் உங்கள் கூடத்தில் குறைவாக இருப்பது இசை இல்லை. டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி, மர நாற்காலி என்று நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே அந்த அறை எப்படிக் கேட்கும் என்று தெரிந்துவிட்டது. சத்தத்தை வாங்கி அடக்கிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை, சாவிக்கொத்தை மேஜையில் வைத்தால்கூட நாலு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லும்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த ஓவியத்துக்கு எந்த இசை பொருந்தும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். நான் வேறு ஒரு கேள்வியை உங்களிடம் கேட்பேன். அந்த ஓவியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து, எவ்வளவு நேரம் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? வீட்டில் ஒலியால் உருப்படியாகச் செய்ய முடிவது இதைத்தான். கடல் ஓவியத்துக்கு அலைச் சத்தம், காட்டு ஓவியத்துக்குப் பறவைச் சத்தம் என்று வைத்தால் ஓவியத்தின் அர்த்தத்தைக் காது முந்திக்கொண்டு சொல்லிவிடும், கண்ணுக்குத் தேட ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் ஒருவரை இரண்டு அடி முன்னால் வரவைக்கவும், இன்னும் ஒரு நிமிடம் நிற்கவைக்கவும், கடைசியில் தானாகவே குரலைத் தாழ்த்தவைக்கவும் ஒலிக்கு முடியும். அந்த ஒரு நிமிடம் சின்ன விஷயம் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001ல் வெளியான ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன் மனிதர்கள் நின்ற சராசரி நேரம் 27 நொடிதான், பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். பெரிய அருங்காட்சியகத்திலேயே இதுதான் நிலைமை. உங்கள் விருந்தினர்கள் ஒரு சுற்றில் முடித்துக்கொள்வது ஓவியங்களின் குறை இல்லை, அவர்களுடைய ரசனைக் குறையும் இல்லை. அந்த அறையில் நின்றால் உடம்புக்கு ஓய்வு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். கூடத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் ஓவியங்களுக்கு மேலே இருக்கும் விளக்குகள். எல்.இ.டி. விளக்கை டிம்மரில் குறைத்து வைத்திருந்தால் மெல்லிய ரீங்காரம் ஒன்று வரும், பகலில் யாரும் கவனிக்க மாட்டோம், ஆனால் ஓவியத்துக்கு நேர் முன்னால் நிற்பவரின் காதுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். நெருங்கி வந்து பார்க்கச் சொல்லும் இடத்திலேயே விரட்டும் சத்தமும் இருக்கிறது. அந்த விளக்குக்குப் பொருந்துகிற டிம்மரையோ, விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியையோ மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். அடுத்து மின்விசிறி, ஏ.சி., பக்கத்து அறை ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் ஓடும்போது அது ஓடுவதே நமக்குத் தெரியாது, நிற்கும்போது மட்டும் தோள் இறங்குவது தெரியும். இவற்றில் எதை நிறுத்த முடியும், எதைத் தள்ளி வைக்க முடியும், எதற்குக் கீழே ரப்பர் வைத்தால் போதும் என்று பாருங்கள். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள். டைல்ஸில் மரக்கால் இழுபடும் ஒரு சத்தம் போதும், ஓவியத்துக்கு முன்னால் லயித்து நிற்பவரைத் திரும்ப வைத்துவிடும்.

அதே ராத்திரியில் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியதற்குப் பின்னால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு நடுவில் சத்தம் போய்ப் போய் வருகிறது என்று அர்த்தம். உங்கள் கூடத்தின் அகலம் 16 அடி, ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அப்படியானால் ஒரு கைதட்டல் நொடிக்கு 35 தடவை அளவுக்கு அந்த இரண்டு சுவருக்கும் போய்த் திரும்புகிறது. பேச்சு, இசை, சிரிப்பு எல்லாவற்றின் மேலும் இந்த நடுக்கம் ஏறிக்கொள்ளும். நீங்கள் போட்ட இசை ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆனதற்கு முக்கியக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டு இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

அறையின் எதிர்முழக்கத்தை, அதாவது ஒரு சத்தம் அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை, கணக்காகச் சொல்ல முடியும் என்று கண்டுபிடித்த கதையே ஒரு கலை அருங்காட்சியகத்தில்தான் தொடங்குகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ல் திறந்த ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில், சாதாரணக் குரலில் சொன்ன ஒரு வார்த்தை ஐந்தரை நொடி வரை அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த பத்து வார்த்தை வந்து அதன் மேல் விழுந்தால் யாருக்கு என்ன புரியும்? வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாக, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். அவர் எழுதிய சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அறையின் கொள்ளளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் முழக்கம் குறையும்.

நீங்கள் கொடுத்த அளவை அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். கூடத்தின் கொள்ளளவு சுமார் 90 கன மீட்டர். இப்போதிருக்கும் நிலையில் முழக்கம் ஏறக்குறைய 2 நொடிக்குப் பக்கத்தில் இருக்கும். மனிதர்கள் உட்கார்ந்து பேசும் அறைக்கு இது ரொம்ப அதிகம். அடியில் தடித்த ஃபெல்ட் போட்ட கனமான கம்பளம் ஒன்று, தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடுகிற அளவில். ஜன்னலுக்குக் கனமான துணியில், ஜன்னலின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி எடுத்து, நிறைய மடிப்பு விழும்படி, கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கும் திரைச்சீலை. மர நாற்காலிகளில் பாதியை எடுத்துவிட்டு நல்ல பருமனான மெத்தை வைத்த சோபா. இவ்வளவு செய்தால் அதே முழக்கம் முக்கால் நொடிக்கு இறங்கும். மெல்லிய பாய், மெல்லிய திரை என்று வாங்கிவிட்டால் பாதிப் பலன்கூட இருக்காது. 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஆயிரம் தடவை அதிரும் உயர்ந்த ஒலியின் அலைநீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகம், 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலிக்கு அது 11 அடி. மெல்லிய துணி உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டுத் தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடும், அறை முன்பைவிட மந்தமாக, குடத்துக்குள் பேசுவது போல இருக்கும்.

சரி, ஓவியங்களுக்கு வருவோம். கண்ணாடி போட்ட ஃப்ரேம் ஒலியைப் பொறுத்தவரை வெறும் சுவர் மாதிரிதான், முழுக்கத் திருப்பி அனுப்பும். கெட்டியாக வண்ணம் பூசிய கேன்வாஸும் உயர்ந்த ஒலிகளைத் திருப்பிவிடும். உங்கள் நெசவுச் சித்திரம்தான் இந்த வீட்டின் பொக்கிஷம், கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து. அது இப்போது எங்கே மாட்டியிருக்கிறது என்று எழுதவில்லை. கைதட்டினால் நடுங்குகிற அந்த இரண்டு நீளச் சுவர்களில் ஒன்றின் நடுவில், சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விட்டு அதை மாட்டுங்கள். பின்னால் காற்று இருந்தால் துணி இன்னும் கொஞ்சம் தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி ஒன்றும், வெண்கலச் சிற்பங்களும் வரட்டும். ஒழுங்கில்லாத பரப்பில் படும் ஒலி பல பக்கமாகச் சிதறும், நேராகத் திரும்பி வராது. கண்ணாடி ஃப்ரேம்களை மேல் விளிம்பு கொஞ்சம் முன்னால் சாயும்படி மாட்டினால் ஒலியும் நேரே போய் வராது, விளக்கின் பிரதிபலிப்பும் கண்ணில் அடிக்காது. சிலர் கேன்வாஸின் பின்பக்கத்தில் பஞ்சுப் பலகையைத் திணிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னால் ஈரம் தங்கினால் கேன்வாஸ் கெடும், ஓவியத்தைப் பலி கொடுத்துப் பெறும் அமைதி நமக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு இரண்டு வாரம் எந்த இசையும் இல்லாமல் அந்தக் கூடத்தில் வாழ்ந்து பாருங்கள். வருகிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் மெதுவாக நடப்பது தெரியும். காலடிச் சத்தம் திரும்பி வராத இடத்தில் யாரும் அவசரப்படுவதில்லை.

அதற்கு அப்புறம் இசை. தனித்தனி ஓவியத்துக்குத் தனித்தனி இசை என்ற யோசனை உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் வந்திருக்கிறது. லண்டன் நேஷனல் கேலரி 2015ல் ஆறு இசையமைப்பாளர்களையும் ஒலிக் கலைஞர்களையும் அழைத்து, ஆளுக்கு ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கென்று ஒலி அமைக்கச் சொன்னது. அதில் நமக்கு முக்கியமான செய்தி, ஆறு ஓவியத்துக்கும் தனித்தனி அறை கொடுத்தார்கள் என்பது. ஒரு அறை, ஒரு ஓவியம், ஒரு ஒலி. அப்படிச் செய்தும் பல விமர்சகர்கள், ஒலி ஓவியத்தை மறைக்கிறது என்றுதான் எழுதினார்கள். உங்களுடையது ஒரே கூடம். ஸ்பீக்கரிலிருந்து விலக விலகச் சத்தம் குறைந்துகொண்டே போகும் என்று நாம் நினைக்கிறோம், திறந்தவெளியில் அது சரி, தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நாலு சுவருக்குள் அந்தக் கணக்கு ஸ்பீக்கருக்கு இரண்டு மூன்று அடி வரைக்கும்தான் செல்லும், அதைத் தாண்டினால் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலிதான் ஆட்சி செய்யும், எங்கே நின்றாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சீலிங்கில் எட்டு இடத்தில் எட்டு இசை வைத்தால், எந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றாலும் எட்டும் சேர்ந்துதான் காதில் விழும்.

இரண்டு ஸ்பீக்கர் போதும். சின்னதாக, நல்லதாக. சீலிங்கில் வேண்டாம், தலைக்கு மேலிருந்து வரும் இசை அறிவிப்புச் சத்தம் மாதிரி நம்மைப் பொதுஇடத்தில் நிற்கவைக்கும். ஓவியத்தின் பக்கத்திலும் வேண்டாம், சத்தம் வரும் திசைக்குத் தலை திரும்புவது நம் கையில் இல்லாத காரியம், ஓவியத்தைப் பார்க்க வந்தவர் ஸ்பீக்கரைப் பார்ப்பார். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்குக் கீழே, அலமாரியிலோ பெரிய சிற்பத்துக்குப் பின்னாலோ வையுங்கள், மூலையில் தள்ளாதீர்கள், மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கிவிடும். வாசலுக்கு எதிர்க்கோடியில் வைத்துப் பாருங்கள். உள்ளே நுழைகிறவருக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும், கேட்டும் கேட்காமலும் இருக்கிற ஒலியைத் தேடி அவர்களாகவே நடந்து போவார்கள், போகிற வழியில் உங்கள் ஓவியங்கள் இருக்கும். யாரையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்ட வேண்டியதில்லை. ஒலியை வைத்துச் செய்யும் காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எவ்வளவு சத்தம்? இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். உங்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இசை 40க்கும் 45க்கும் நடுவில் இருக்கட்டும். போனில் சத்தத்தை அளக்கும் செயலிகள் துல்லியமாக இருக்காது, தோராயத்துக்குப் போதும். இவ்வளவு குறைத்து வைத்தால் இசை உயிரில்லாமல் கேட்கிறதே என்பீர்கள். அது ஸ்பீக்கரின் குற்றம் இல்லை. சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளை நம் காது மற்றவற்றைவிட வேகமாக விட்டுவிடுகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் வால்யூமைக் கூட்டாமல் இசையை மாற்றுங்கள். தாளமும் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியும் தூக்கி நிறுத்துகிற இசை குறைந்த சத்தத்தில் எலும்புக்கூடாகிவிடும். நடுக்குரலில் பேசுகிற ஒற்றை வாத்தியம், செல்லோ, புல்லாங்குழல், மெதுவான பியானோ, வெறும் தம்புரா சுருதிகூட, அதே சத்தத்தில் முழுசாக நிற்கும். பாட்டில் வார்த்தை வேண்டாம். புரிகிற மொழியில் யாராவது பாடினால் மனசு அந்த வரியின் பின்னால் போய்விடும், கண் திறந்திருந்தாலும் பார்க்காது. வேகமும் முக்கியம். மெதுவான இசை ஒலித்தபோது கடைக்குள் மக்கள் மெதுவாக நடந்தார்கள் என்று ரொனால்ட் மில்லிமன் என்ற ஆய்வாளர் 1982ல் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஆராய்ந்து காட்டினார். கடைக்காரருக்கு அதில் வியாபாரம், நமக்கு அதில் ஓவியத்தின் முன் கூடுதலாகக் கிடைக்கும் கொஞ்ச நேரம்.

யாரும் கவனிக்காத இசை என்று ஒன்று இருக்க முடியுமா என்பதும் பழைய கேள்விதான். எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1920ல் பாரிஸில் பார்பசாஞ் என்ற ஓவியக் கூடத்தில், ஒரு நாடகத்தின் இடைவேளைகளில் ஒலிப்பதற்காக இசை அமைத்தார். அறையில் நாற்காலி இருப்பது போல இசையும் இருக்கட்டும், யாரும் கவனிக்காதீர்கள், நடங்கள், பேசுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். ஆனால் வாத்தியங்கள் தொடங்கியதும் எல்லோரும் இருக்கைக்குத் திரும்பி வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், சாட்டி அவர்களிடையே போய்ப் பேசச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. நல்ல இசை புதிதாகத் தொடங்கும்போது கவனத்தை இழுக்கத்தான் செய்யும். ஆகவே விருந்தினர் வந்த பிறகு இசையைத் தொடங்காதீர்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது ஓடிக்கொண்டிருக்கட்டும், சுற்றிப் பார்க்கும் நேரமெல்லாம் இருக்கட்டும், எல்லோரும் உட்கார்ந்து பேச்சு பிடித்துக்கொண்டதும் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். சட்டென்று வெட்டாமல், ஒரு நிமிடத்தில் கரைவது மாதிரி. இசை நின்ற பிறகு வரும் அந்தச் சில நிமிட அமைதி, இசையே போடாத அமைதியைவிட ஆழமாகத் தெரியும், பலர் அப்போதுதான் எழுந்து இரண்டாவது தடவை ஓவியத்திடம் போவார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971ல் திறந்த ராத்கோ சேப்பல் என்ற தியானக் கூடத்தில் ஓவியர் மார்க் ராத்கோவின் 14 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. மார்ட்டன் ஃபெல்ட்மன் என்ற இசையமைப்பாளர் அந்த இடத்துக்கென்றே இசை எழுதி, அது 1972ல் அங்கேயே அரங்கேறியது. ஆனாலும் சாதாரண நாட்களில் போகிறவர்கள் அங்கே அமைதியில்தான் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நாளில் பெரும்பாலான நேரம் ஸ்பீக்கர் அணைந்திருக்கட்டும். காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெளியே இருந்து வருவது போதும். பறவைச் சத்தம் பதிவு செய்து சுற்றிச் சுற்றி ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதே குருவி அதே இடத்தில் மறுபடி கூவுவதைக் காது கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

மின்சாரம் இல்லாத ஒலி ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். கையால் தட்டினால் ஒலிக்கும் உலோகக் குழாய்களைச் சிற்பம் போலத் தொங்கவிடலாம், ஒலிக்கும் பொருள் கண்ணுக்கும் தெரிகிறது, தொடுகிறவர்தான் அதைத் தொடங்குகிறார், வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கும் பார்ப்பதைத் தவிரச் செய்ய ஒன்று கிடைக்கும். யாராவது செய்து தந்தால் துளை எங்கே போடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். குழாயின் நீளத்தில் 22.4 சதவீதம் உள்ளே தள்ளிப் போட வேண்டும், ஒரு மீட்டர் குழாய் என்றால் முனையிலிருந்து 22.4 சென்டிமீட்டர். குழாய் அதிரும்போது அசையாமல் இருக்கும் இடம் அதுதான், அங்கே கட்டினால் நீளமாக ஒலிக்கும், நுனியில் கட்டினால் 'டொக்' என்று செத்துவிடும்.

நீரூற்று விஷயத்தில் உங்கள் ஆசை புரிகிறது. விழும் நீரின் சத்தத்தில் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை எல்லா ஒலியும் கலந்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அது நன்றாக மறைக்கும். ஆனால் பாஸ்டல் படங்களுக்குக் கீழே கண்டிப்பாக வேண்டாம். காகிதத்தில் வரைந்தவை காற்றின் ஈரத்தைக் குடிக்கும், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டித் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே வைக்க இடம் இருந்தால் அங்கே வையுங்கள், திறந்த ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் வரட்டும். பம்பின் உறுமலும் வெளியிலேயே நின்றுவிடும்.

பாஸ்டல் பற்றி இன்னொன்று, இதை இசை போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பாஸ்டல், கரித்துண்டு இவற்றில் வண்ணம் காகிதத்தில் பொடியாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதிர்வு தொடர்ந்தால் உதிரும். ஸ்பீக்கர் இருக்கும் அலமாரிக்குப் பின்சுவரில் அவை இருந்தால் வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள், ஸ்பீக்கருக்கு அடியில் ரப்பரோ கெட்டியான ஃபோமோ வையுங்கள். மற்ற ஃப்ரேம்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. போனில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே, ஸ்பீக்கரில் மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, ஒருவர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் விரல் நுனியை வைத்துக்கொண்டு போகட்டும். ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒரு ஃப்ரேம் 'கிர்ர்' என்று கத்தும். கீழ்மூலைகள் இரண்டிலும் ஃபெல்ட் பொட்டு ஒட்டி, ஒரு ஆணிக்குப் பதிலாக இரண்டு கொக்கியில் மாட்டி, கண்ணாடி ஆடினால் ஃப்ரேம் செய்பவரிடம் இறுக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த ஒரு வரிதான். ஹியரிங் எய்ட் பேச்சோடு சேர்த்துப் பின்னணிச் சத்தத்தையும் தூக்கிக் காதில் போடும், அதிலும் முழக்கம் அதிகமான அறையில் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று கொட்டும், அவர் எழுந்து போவது கோபம் இல்லை, களைப்பு. நல்ல காது உள்ளவர்களுக்கே பேச்சு முழுசாகப் புரிய, பின்னணியைவிட அது 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் மேலே இசைக்கு 45 என்று ஒரு எல்லை சொன்னது இந்தக் கணக்கில்தான், அவருக்கு அதுவும் அதிகமாக இருக்கலாம். கம்பளமும் திரையும் போட்டாலே அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். அவர் உட்காரும் இடத்தை ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கமாக, முதுகுக்குப் பின்னால் சோபாவின் மெத்தையோ நெசவுச் சித்திரமோ இருக்கும்படி, பேசுகிறவர்கள் ஒரு மீட்டர் தூரத்துக்குள் முகம் பார்த்து உட்காரும்படி அமையுங்கள். ஒவ்வொரு படியாகச் செய்து முடித்ததும் அவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, கூடத்தில் பேசுவது இப்போது எப்படிக் கேட்கிறது அத்தை என்று கேளுங்கள், எந்தச் செயலியும் அந்தப் பதிலைத் தராது. இசையின் ரிமோட்டும் அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும், விருந்தினர் இருந்தாலும் சரி, அவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான்.